காணொளிக் கூட்டத்தில் கூச்சம் போக: எந்தக் குழுவுக்கு எந்த விளையாட்டு?

குழுவில் பாதிப் பேர் சிங்கப்பூரில், அவர்களிலும் சிலர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள். மீதிப் பேர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறார்கள். புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். “அடுத்த கூட்டத்துல ஒரு பத்து நிமிஷம் ஏதாவது விளையாட்டு வைங்க, எல்லாரும் கொஞ்சம் பழகட்டும்” என்று மேலாளர் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார். தேடினால் ஐம்பது விளையாட்டு, நூறு விளையாட்டு என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. உங்கள் குழுவுக்கு எது ஒத்துவரும், எது சொதப்பும் என்பது மட்டும் அதில் இருக்காது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இந்தத் தேவை குறையப்போவதில்லை. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியபோது வேறு வழியில்லாமல் எல்லாரும் ஸூமுக்குள் வந்தோம். 2024 டிசம்பர் 1 முதல், வீட்டிலிருந்து வேலை போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் விண்ணப்பித்தால் முதலாளி அதை முறைப்படி பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் இருக்கின்றன. ஆக, ஒரே மேசையில் உட்காராமலே வருஷக்கணக்கில் சேர்ந்து வேலை பார்ப்பது இன்று சாதாரணம். அப்படி வேலை பார்க்கிறவர்களுக்குக் காப்பிக்கடையில் நின்றபடி பேசும் ஐந்து நிமிடம் கிடைப்பதே இல்லை. நல்ல விளையாட்டு அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு விளையாட்டையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். குழுவிலேயே அதிகம் பேசாதவர், விளையாட்டு முடிவதற்குள் மனம் ஒப்பி ஒரு வாக்கியமாவது பேசினாரா? எத்தனை பேர் சிரித்தார்கள், யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்கு விளையாட்டே தேவையில்லை, அவர்கள் எப்படியும் பழகிக்கொள்வார்கள்.

காணொளியின் குணம்

எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் காணொளியின் மூன்று குணங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நேரில் அருமையாக ஓடும் விளையாட்டு திரையில் படுத்துவிடுவதற்கு இவைதான் காரணம்.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் தெளிவாகக் கேட்கும். இருவர் சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பும். குரல் வந்து சேரக் கொஞ்சம் தாமதமும் ஆகும். எனவே “யார் முதலில் கத்துகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி” என்ற வகை விளையாட்டு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, “அடுத்தவர் சொல்லுங்கள்” என்றால் யார் அடுத்தவர் என்றே தெரியாது. முகங்கள் வரிசையாகத் தெரியும் அந்தக் கட்டங்கள் ஒவ்வொருவர் திரையிலும் வேறு வேறு வரிசையில் இருக்கும். உங்கள் திரையில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் என் திரையில் கடைசியில் இருப்பார். சில விநாடிகள் மௌனம், பிறகு மூன்று பேர் ஒரே நேரத்தில் “நானா?” என்பார்கள். இதற்கு எளிய வழி, பேசி முடித்தவரே அடுத்தவரின் பெயரைச் சொல்லி அழைப்பது.

மூன்றாவது, நேரக் கணக்கு. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே இருபது பேருக்கு இருபது நிமிடம். அதில் பத்தொன்பது நிமிடம் ஒவ்வொருவரும் சும்மா இருக்கிறார். ஏழெட்டுப் பேருக்கு மேல் போனால் மூன்று நான்கு பேராகப் பிரேக்அவுட் அறைகளில், அதாவது அதே கூட்டத்துக்குள் திறக்கும் தனித்தனி அறைகளில், பிரித்துவிடுவதே நல்லது.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொருள்

புதிய குழு என்றால் என் முதல் தேர்வு இதுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக் கேமரா முன் காட்ட வேண்டும், அது எப்படி உங்களிடம் வந்தது என்று அரை நிமிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எந்தச் செயலியும் வேண்டாம், முன்கூட்டியே தயாராக வேண்டாம், வெற்றி தோல்வியும் கிடையாது.

எங்கள் குழுவில் ஓர் அக்கா உண்டு. கூட்டத்தில் “சரி, பார்த்துடறேன்” என்பதற்கு மேல் பேசமாட்டார். அவர் முறை வந்தபோது எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன் விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோனால் மங்கியது. பின்னால் இழுத்து, விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். அவருடைய அம்மாவின் பெயர். கல்யாணச் சீராக வந்த பாத்திரத்தில் மிஞ்சியது இந்த ஒன்றுதான் என்றார். பாத்திரத்தில் ஏன் பெயர் வெட்டுகிறீர்கள் என்று சீனத் தோழி ஒருவர் கேட்டார். கல்யாண வீட்டில் அண்டாவும் குண்டானும் இரவல் போய்த் திரும்பி வர வேண்டுமே என்று அக்கா விளக்கினார். உடனே அந்தத் தோழி எழுந்துபோய்த் தன் பாட்டி வைத்திருந்த அங் கூ குவே என்ற சீனப் பலகாரத்துக்கான மர அச்சைத் தேடி எடுத்து வந்து, அதன் நடுவில் செதுக்கியிருந்த ஆமையைக் காட்டினார். அன்று பத்து நிமிடத்தில் முடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த இருவரும் வேலை விஷயத்தைக்கூட ஒருவருக்கொருவர் நேரடியாகக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பொருள் கையில் இருந்தால் பேச்சு பொருளைப் பற்றிப் போகும். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் திணறுகிறவர் “இது எங்கே வாங்கினீர்கள்?” என்றால் திணறமாட்டார். இதுதான் இந்த விளையாட்டின் பலம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஸூமில் செயற்கைப் பின்னணி போட்டிருந்தால் கையில் பிடித்த பொருள் பாதி மறைந்துபோகும், சில சமயம் முழுவதுமே காணாமல் போகும். முதலிலேயே அதை அணைக்கச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று இதைவிட முக்கியம். எல்லாருக்கும் தனி அறை இருக்காது. மூன்று நான்கு பேராக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், வீட்டைக் காட்டத் தயங்குபவர், அன்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் குழுவில் இருப்பார்கள். அதனால் “வீட்டுக்குள் போய்த் தேடி எடுத்து வாருங்கள்” என்று ஓட வைக்கும் வேட்டை விளையாட்டை நான் ஒதுக்கிவிடுகிறேன். கைக்கெட்டும் பொருள் போதும். அதுவும் இல்லையென்றால் கைப்பேசியில் இருக்கும் ஒரு படம் போதும்.

இரண்டு உண்மை, ஒரு பொய்

எல்லாப் பட்டியலிலும் முதலில் வருவது இது. தன்னைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வேண்டும், அதில் எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல விளையாட்டுதான், ஆனால் திடீரென்று வைத்தால் படுத்துவிடும். “என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கு” என்று நினைப்பவருக்கு அந்த இடத்திலேயே மூன்று செய்தி தோன்றாது. தோன்றுவதும் சில சமயம் சொல்லிவிட்டு வருத்தப்படும் சொந்த விஷயமாக இருக்கும்.

முந்தின நாளே செய்தி அனுப்பி, தலைப்பையும் குறுக்கிவிட்டால் இது அழகாக ஓடும். சாப்பாடு, பயணம், சின்ன வயது விளையாட்டு என்று ஏதாவது ஒன்று மட்டும். சம்பளம், கல்யாணம், உடம்பு, குழந்தை இந்தப் பக்கமே போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓரளவு பழகிய, ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஏற்றது. முதல் நாளே வேண்டாம்.

காஹூட் வகைப் புதிர்ப்போட்டி

நார்வேயிலிருந்து 2013இல் வந்த காஹூட் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அத்துபடி. திரையில் கேள்வி வரும், கைப்பேசியில் வண்ணக் கட்டத்தை அழுத்த வேண்டும். நாற்பது ஐம்பது பேர் இருந்தாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடலாம். தீபாவளி, பொங்கல் ஒன்றுகூடலைக் காணொளியில் வைக்கும்போது இதை மிஞ்ச வேறெதுவும் இல்லை.

ஆனால் அறிமுகத்துக்கு என்று பார்த்தால் நான் இதைப் பின்னால்தான் வைப்பேன். முழுப் போட்டியையும் ஒருவர் வாய் திறக்காமலே ஆடி முடித்துவிடலாம். பேசாதவர் பேசாமலே இருந்துவிடுகிறார்.

புள்ளிக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி, தாமதமாகத் தாமதமாக அது குறைந்துகொண்டே வரும். சரியான விடையைக் கடைசி விநாடியில் அழுத்தியவருக்குப் பாதிதான் கிடைக்கும். பத்து விநாடிக் கேள்வியில் இணையத் தாமதத்தால் இரண்டு விநாடி போனால் 100 புள்ளி போய்விடும். அதே கேள்விக்கு அறுபது விநாடி கொடுத்தால் அந்த இரண்டு விநாடிக்கு 17 புள்ளி அளவில்தான் குறையும். எம்ஆர்டி ரயிலில் வந்துகொண்டே சேருபவரும், ஊரில் இணையம் மெதுவாக இருப்பவரும் இருக்கும் குழுவென்றால் நேரத்தை நீட்டி வையுங்கள். கைப்பேசியிலேயே கூட்டத்துக்கும் வந்திருப்பவர் இரண்டு செயலிக்கு நடுவே மாறி மாறி அல்லாடுவார் என்பதால், கேள்வி அவரவர் கைப்பேசியிலும் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி யாருக்குச் சாதகம் என்றும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் ஆகப் பழைய இந்துக் கோயில் எது, அது தொடங்கிய ஆண்டு எது என்று கேட்டால் இங்கே படித்து வளர்ந்தவர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில், 1827 என்று உடனே அழுத்துவார். தமிழ் முரசு தொடங்கிய ஆண்டு 1935 என்பதும், நம் உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதும் அவருக்குத் தெரியும். சென்னையில் இருக்கும் சக ஊழியர் என்ன செய்வார்? சரி என்று தமிழ்ப் படக் கேள்வி வைத்தால் மலாய், சீன நண்பர்கள் வெளியே நிற்பார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து, குழுவைப் பற்றியே கேள்வி கேட்பது. “நம்மில் யார் சைக்கிளில் அலுவலகம் போகிறார்?”, “யார் வீட்டில் மூன்று பூனை?” இப்படிக் கேட்க, முதலில் ஒவ்வொருவரிடமும் ஒரு செய்தி வாங்கி வைக்க வேண்டும். வேலை கொஞ்சம் கூடும், ஆனால் விடை வந்ததும் எல்லாரும் அந்தப் பூனைக்காரரைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள்.

வரையும் விளையாட்டுகள்

இதில் இரண்டு பிரபலம். இரண்டும் இலவசம், உலாவியிலேயே ஆடலாம், கணக்குத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் குணம் வேறு.

ஸ்கிரிப்ல் (skribbl.io) விளையாட்டில் ஒருவர் வரைவார், மற்றவர்கள் அது என்ன என்று தட்டச்சு செய்ய வேண்டும். நம் சொற்களையே போட்டு வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. மெர்லயன், டுரியான், தேக்கா, குடை, காவடி என்று ஒரு பட்டியலை உள்ளே கொடுத்துவிட்டால் குழுவுக்கே உரிய விளையாட்டாகிவிடும். எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்கும் சொல்லாகப் பார்த்துப் போடுங்கள். புரோட்டாவை ஒருவர் பரோட்டா என்பார், இன்னொருவர் பிராட்டா என்பார். படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவருக்கும் புள்ளி கிடைக்காது. இதில் வரைபவர் மேல்தான் அத்தனை கண்ணும் இருக்கும். கை நடுங்குகிறவருக்கு இது சங்கடம்.

அந்தச் சங்கடம் இல்லாத விளையாட்டு கார்டிக் ஃபோன். ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுதுவார்கள். அது வேறொருவருக்குப் போகும், அவர் அதைப் படமாக வரைய வேண்டும். அந்தப் படம் மட்டும் இன்னொருவருக்குப் போகும், அவர் அது என்னவென்று எழுத வேண்டும். இப்படியே கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசியில் முழுத் தொடரும் வரிசையாகத் திரையில் விரியும். “அப்பா சமூக மன்றத்தில் யோகா செய்கிறார்” என்று தொடங்கியது “கடலாமை ரயில் பிடிக்க ஓடுகிறது” என்று முடிந்திருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் திரையில் வரைவதால் யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. படம் எவ்வளவு கோணலோ அவ்வளவு சிரிப்பு என்பதால் வரையத் தெரியாதவர்தான் இங்கே நாயகர். “அது ஆமை இல்லைங்க, தொப்பை!” என்று அதுவரை பேசாதவரும் தன் படத்துக்காக வாதாடுவார். முப்பது பேர் வரை சேரலாம், ஆனால் ஆறிலிருந்து எட்டுப் பேர் என்றால்தான் சலிக்காமல் முடியும். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஓரளவு அறிமுகம் ஆன குழுவை நெருக்கமாக்க இதைவிட நல்ல விளையாட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை: நிறுவனக் கணினிகளில் விளையாட்டுத் தளங்கள் பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும். முந்தின நாளே திறந்து பார்த்துவிடுங்கள். திறக்காவிட்டால் கைப்பேசியில் ஆடலாம்.

பாட்டு, விடுகதை, சொல் தொடர்

எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள் என்றால் நம்மிடமே சொத்து இருக்கிறது. ஏப்ரலில் வரும் தமிழ் மொழி விழாவுக்காக இராப்போதில் ஸூமில் கூடும் தொண்டூழியர்கள், சமூக மன்ற நற்பணிக் குழுக்கள், பெற்றோர் ஆதரவுக் குழுக்கள் இவர்களுக்கெல்லாம் ஏற்றது. தமிழ் தெரியாதவர் ஒரே ஒருவர் இருந்தாலும் இந்தப் பக்கம் போகாதீர்கள். மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் விளையாட்டும் ஓடாது, அவரும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

பாட்டுக்குப் பாட்டு நேரில் எவ்வளவு களைகட்டினாலும் காணொளியில் கொஞ்சம் அடிவாங்கும். சேர்ந்து பாடினால் தாமதத்தால் ஆளுக்கொரு தாளத்தில் கேட்கும். ஹம்மிங் செய்தால் செயலி அதை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஸூமின் ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி என்ற வசதியைப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தனித்தனியாகப் பாடுவது மற்ற பாதிக்கு மருந்து. பாடக் கூச்சப்படுகிறவருக்கு மட்டும் மருந்தில்லை, அவரைப் பல்லவியை வாசிக்கவாவது அனுமதியுங்கள்.

முடிந்த எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டு தமிழில் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். மயில் என்று ஒருவர் சொன்னால் லகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் கிடைக்காது, லட்டுவும் லாரியும் தீர்ந்ததும் எல்லாரும் மௌனம். மண், முள், தேன் எல்லாம் இதே கதிதான். எழுத்தை விட்டுவிட்டு, சமையலறைப் பொருள், தேக்கா சந்தையில் வாங்குவது என்று தலைப்பை வைத்து ஆளுக்கொரு சொல் சொன்னால் தடையில்லாமல் ஓடும்.

மூன்றில் நான் எடுப்பது விடுகதை. “ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம்” என்று ஒருவர் போட்டால் தேன்கூடு என்று விடை வருவதற்குள் நாலு தப்பு விடை வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமும் வரும். எங்கள் பாட்டி இதை வேறு மாதிரி சொல்வார் என்று ஒருவர் ஆரம்பிப்பார். வயதானவரும் பதின்ம வயதினரும் ஒரே கூட்டத்தில் இருந்தால் இது கூடுதலாகப் பலிக்கும். இலவச ஸூம் கணக்கில் குழுக் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால், இரண்டு மூன்று விடுகதையோடு வேலைக்குத் திரும்பிவிடுங்கள்.

நான் வளர்ந்த தெரு

ஒருவர் கூகல் வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து திரையைப் பகிர்வார். இது எந்த ஊர், என்ன இடம் என்று மற்றவர்கள் யோசித்துச் சொல்ல வேண்டும். பிறகு அவர் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்வார். இந்தியாவில் தெருக்காட்சி 2022 ஜூலையில்தான் முறையாக வந்தது, முதலில் வந்த பத்து நகரங்களில் சென்னையும் ஒன்று. கிராமத்துத் தெரு அகப்படாவிட்டால் புகைப்படம் போதும். படித்த பள்ளிக்கூடம், சந்தை, பேருந்து நிலையம் என்று பொது இடமாக இருக்கட்டும், இப்போது குடியிருக்கும் புளோக்கைக் காட்ட வேண்டாம். கூட்டத்துக்கு இருவர் மட்டும் என்று வைத்துக்கொண்டால் வாராவாரம் ஓட்டலாம்.

எண்ணி முடித்ததும் எண்டர்

ஐம்பது பேர் இருக்கிறார்கள், ஐந்தே நிமிடம்தான் இருக்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ஒரு சின்னக் கேள்வி: “காலையில் என்ன குடித்தீர்கள்?” எல்லாரும் அரட்டைப் பெட்டியில் பதிலைத் தட்டச்சு செய்து வைத்திருக்க வேண்டும், மூன்று எண்ணும் வரை எண்டர் அழுத்தக் கூடாது. மூன்று சொன்னதும் கோப்பி ஓ கோசோங், தே ஹாலியா, ஃபில்டர் காபி, வெந்நீர், மைலோ என்று மளமளவென்று விழும். முந்தியவர் பிந்தியவர் கிடையாது, யாரும் யாரைப் பார்த்தும் எழுத முடியாது. நடத்துபவர் அதில் மூன்று நான்கு பதிலை எடுத்துப் பெயர் சொல்லிக் கேட்கலாம். பேசத் தயங்குபவரும் ஏற்கெனவே எழுதியதைத்தான் விரித்துச் சொல்கிறார் என்பதால் தடுமாறுவதில்லை.

அப்போ எதை எடுப்பது?

எட்டுப் பேருக்குள், புதுக் குழு, பல மொழி என்றால் கைக்கெட்டும் பொருள். இரண்டு மாதம் கழித்து அதே குழுவுக்குக் கார்டிக் ஃபோன். பதினைந்து இருபது பேர் என்றாலும் பொருள்தான், ஆனால் மூன்று பேர் அறைகளாகப் பிரித்து. அதற்கும் மேல் என்றால் எண்டர் விளையாட்டில் தொடங்குங்கள், பண்டிகை நாளென்றால் காஹூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குழுவுக்கு விடுகதை.

நேரத்தையும் பார்த்து வையுங்கள். நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே ஆறரை, பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் நேரம். பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தால் அங்கே பதினொன்றரை, இரு பக்கமும் தெளிவாக இருப்பார்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகை நேரம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் ஆடுபவர் மேலாளராக இருக்கட்டும். அவர் என்ன அளவுக்குத் திறந்து பேசுகிறாரோ அந்த அளவுக்குத்தான் மற்றவர்களும் பேசுவார்கள். கேமராவை அணைத்து வைத்திருப்பவரைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அரட்டைப் பெட்டியில் எழுதினாலே போதும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். “இன்னைக்கு நான் பாஸ்” என்று யாரும் சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து நிமிடம் என்றால் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். முறை வராதவர்களின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம் அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.